மேம்பள்ளம்: சரி பண்றேன்னு வந்து கெடுத்துட்டுப் போறதுக்கு ஒரு பேர்

கேள்வி, ஆகஸ்ட் 2, இரவு
பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர்

ஒரு சேவையை நன்றாக நடத்தி ஆட்களைச் சேர்த்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கெடுப்பதற்கு, 2022இல் கோரி டாக்டரோ என்கிற எழுத்தாளர் இங்கிலீஷில் ஒரு சொல் உண்டாக்கினார்: என்ஷிட்டிஃபிகேஷன். 2023இல் அமெரிக்கன் டயலெக்ட் சொசைட்டி அதை ஆண்டின் சொல்லாக எடுத்தது. 2024இல் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி அகராதியும் எடுத்தது. இப்போது எதை மேம்படுத்துகிறேன் என்று கெடுத்தாலும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். தமிழில் இதற்கு ஒன்றும் இல்லை. புதிதாகச் செய்தாலும் நம் ஊரில் ஓடாது என்பது என் கருத்து. மறுப்பவர் யாராவது உண்டா?

ஆகஸ்ட் 3, காலை

மறுக்கிறேன், தம்பி. இந்தச் சொல் எனக்குத் தேவைப்படுகிறது, அதனால் இந்தப் பேச்சை நான் லேசில் விடப்போவதில்லை.

நான் தண்டையார்பேட்டையில் மனு எழுதிக் கொடுக்கிறவள். ஒரு டேபிள், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். முதியோர் பென்ஷன், பட்டா, சாதிச் சான்று, ரேஷன் கார்டில் பேர் சேர்க்க, பேர் எடுக்க. இவையெல்லாம் எழுதுவது சுலபம், ஒவ்வொன்றுக்கும் வார்த்தை ஏற்கெனவே இருக்கிறது. திண்டாட்டம் எங்கே என்றால், ஒருத்தர் வந்து உட்கார்ந்து, "நல்லாத்தான் இருந்துச்சுக்கா, சரி பண்றேன்னு வந்து கெடுத்துட்டாங்க" என்று சொல்லும்போது. இதை மனுவில் எப்படி எழுதுவது? கெடுத்தவர்கள் செய்த வேலைக்குப் பேர் சீரமைப்பு. இல்லாவிட்டால் மேம்பாடு, புதுப்பித்தல், அழகுபடுத்துதல், தரம் உயர்த்துதல். எல்லாம் பாராட்டு வார்த்தை. எதை எடுத்தாலும் அவர்களைப் பாராட்டிவிட்டுத்தான் நம் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பிக்கவேண்டியிருக்கிறது.

பழமொழி இல்லையா என்று கேட்பீர்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது, சும்மா கிடந்த சங்கை ஆண்டி ஊதிக் கெடுத்தது, வேலியே பயிரை மேய்ந்தது. சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளையார் குரங்காக ஆனதில் யாருக்கு லாபம்? பிடித்தவன் கை சரியில்லை, அவ்வளவுதான். எங்கள் தெருவில் நடப்பது கை சரியில்லாத கதை இல்லை. வேலை முடிந்தது, பில் பாஸ் ஆனது, போர்டு வைத்தார்கள், போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 3, இரவு

எந்தத் தெரு, என்ன நடந்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

எங்கள் வீடு என் மாமனார் கட்டியது. தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே வரவேண்டும். நான் கல்யாணமாகி வந்தபோது அந்தப் படியில் உட்கார்ந்துதான் சாயங்காலம் பூ கட்டுவார்கள். அப்புறம் ரோடு போட்டார்கள். கொஞ்ச வருஷம் கழித்து அதன்மேல் இன்னொரு ரோடு. தார் ரோடு புதுப்பிக்கும்போது ஒரு தடவைக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஏறும். பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுக்கொண்டு போனால் பத்துத் தடவையில் ஓரடிக்கு மேல். முதல் படி போனது, ரெண்டாவது போனது. இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போகிறோம். பக்கத்துக் கிழவி சொல்வாள், "ரோடு ஏற ஏற ஊடு எறங்குது" என்று. வீடு அங்கேயேதான் இருக்கிறது, ஒரு அங்குலம் அசையவில்லை.

மழை வந்தால் முதலில் வருவது மழைத்தண்ணீர் இல்லை, சாக்கடை. சேம்பர் மூடி தெரு மட்டத்துக்கு உயர்ந்துவிட்டது, எங்கள் பாத்ரூம் அதற்குக் கீழே. குழாய் வழியாக அது திரும்பி வீட்டுக்குள்தான் வரும். வாசலில் சிமெண்டுத் தடுப்பு கட்டினோம். உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக முடியாமல் அந்தத் தடுப்பே அதைக் கட்டிப்போட்டது. வசதியுள்ளவர்கள் வீட்டை இடித்துக் கட்டினார்கள். இன்னும் சிலர் ஆள் கூட்டிவந்து அஸ்திவாரத்தில் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிக்கொண்டார்கள். சென்னையில் இன்றைக்கு இது ஒரு தனித் தொழில். புது வீடுகளும் தூக்கின வீடுகளும் தெருவைவிட உயரத்தில் நிற்கின்றன, அங்கேயிருந்து வழியும் தண்ணீரும் எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்குத்தான். வாடகைக்கு இருக்கிறவர்கள் எதையும் தூக்க முடியாது, கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்துக்கொள்ளலாம்.

இது யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. 2021இல் அன்றைய தலைமைச் செயலர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போடவேண்டும், வீடுகளின் மட்டத்துக்குமேல் ரோடு உயரக்கூடாது என்று உத்தரவிட்டார். மெஷினைக் கொண்டு அப்படிச் சுரண்டுவதற்கு மில்லிங் என்று பேர். இப்போது எங்கள் பகுதியில் சின்னப் பிள்ளைக்குக்கூட அந்த வார்த்தை தெரியும். பெரிய ரோடுகளில் அதைச் செய்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். சந்துகளுக்குள் அந்த மெஷின் நுழையாது என்று சொல்லிவிடுகிறார்கள்.

எங்கள் தெருவுக்கு நான் எழுதிய முதல் மனுவுக்கு வந்த பதிலைப் பாருங்கள்: "தங்கள் பகுதியில் சாலை மேம்பாட்டுப் பணி முடிக்கப்பட்டுள்ளது. எனவே தங்கள் மனு முடித்துவைக்கப்படுகிறது." எந்த ஆபீஸ் என்பது இங்கே வேண்டாம். அந்த வேலை முடிந்ததுதான் எங்கள் புகாரே. அவர்கள் வாசித்த வார்த்தை "மேம்பாடு". அது வந்த உடனே, ரோடு கேட்டு யாரோ எழுதியிருக்கிறார்கள், போட்டாகிவிட்டது என்று மூடிவிட்டார்கள். அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது, வேறு வார்த்தை இல்லாமல் இந்தப் புகார் யார் காதுக்கும் போகாது என்று.

ஆகஸ்ட் 5

இதற்கு நீங்கள் அனுப்பிய பேர்கள்: சீர்கேட்டாக்கம், மேங்கேடு, பின்னேற்றம், திருத்தழிவு, புதுக்கெடுப்பு, முன்னேற்றச் சரிவு. கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதியவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: மேம்பள்ளம்.

இதைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். மேம்பாலம் என்று நாம் தினம் சொல்கிறோம், அதே ஓசை. மேம்பாடும் உள்ளே இருக்கிறது, பள்ளமும் இருக்கிறது. பூ விற்கிற அம்மாவிடம் சொன்னேன். "எங்க ஊடுதானே?" என்றார். விளக்கம் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6

சீர்கேட்டாக்கம் நல்ல தமிழ்தானே, அதை ஏன் தள்ளினாய் என்று ஒரு ஐயா வருத்தப்பட்டிருக்கிறார். தள்ளவில்லை, ஐயா. சீர்கேடு என்று சொன்னால் வெறும் கேடு. குப்பை அள்ளாமல் கிடந்தாலும் சீர்கேடு. எனக்கு வேண்டியது, நல்லது என்று சொல்லிக்கொண்டு வந்ததும் அது கெடுத்ததும் ஒரே சொல்லில் நிற்பது. ஜெர்மன்காரர்களிடம் ஃபெர்ஷ்லிம்பெஸர்ன் என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. மோசம் என்பதற்கான ஷ்லிம், மேம்படுத்துவதற்கான பெஸர்ன், இரண்டையும் சேர்த்துக் கட்டியது. சரிசெய்யப் போய் கெடுப்பது என்று பொருள். நமக்கும் அப்படி இரண்டு கையும் தெரிகிற சொல் வேண்டும்.

நம் பகுதிச் சொற்களிலேயே எடுக்கலாமே என்று இன்னொருவர். நாஸ்தி பண்ணிட்டான், கலீஜ் ஆக்கிட்டான், பேஜாராப் போச்சு. இவை எனக்கு உயிர், வீட்டில் இப்படித்தான் பேசுகிறேன். ஆனால் நாஸ்தி என்றாலும் கலீஜ் என்றாலும் கெட்டுப்போன முடிவைத்தான் சொல்கிறோம். எப்படிக் கெட்டது என்பது அதில் இல்லை. தவிர, மனுவில் கலீஜ் என்று எழுதினால் எழுதினவளைத்தான் பார்ப்பார்கள், விஷயத்தைப் பார்க்க மாட்டார்கள். இது நியாயம் இல்லை, ஆனாலும் அதுதான் நிலைமை. டாக்டரோவின் சொல்லுக்கும் அதே தடை உண்டு. அதன் நடுவில் இருப்பது மலத்தைக் குறிக்கும் வசைச்சொல். சண்டைக்கு அது நல்ல சொல். மனுவுக்கு ஆகாது.

ஆகஸ்ட் 9

முதல் கேள்வியிலேயே ஒரு விஷயம் கலந்திருக்கிறது, அதைப் பிரிக்கவேண்டும்.

டாக்டரோ சொன்னது முதலில் இணையத் தளங்களைப் பற்றி. அதில் படிகள் இருக்கின்றன. முதலில் பயன்படுத்துகிறவர்களுக்கு நல்லது செய்து கூட்டம் சேர்ப்பார்கள். கூட்டம் வெளியே போக முடியாத நிலை வந்ததும், அவர்களைப் பிழிந்து வியாபாரிகளுக்குச் சலுகை கொடுப்பார்கள். வியாபாரிகளும் சிக்கிக்கொண்டதும் இரண்டு பேரையும் பிழிந்து எல்லாவற்றையும் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். இது திட்டம் போட்டுச் செய்வது. எங்கள் பகுதியில் ஆட்டோ ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள், ஆப் வந்த கதையை இதே வரிசையில் சொல்வார்கள். முதல் வருஷம் சவாரிக்குத் தள்ளுபடி, டிரைவருக்கு ஊக்கத்தொகை. ஸ்டாண்டில் நிற்கிற பழக்கம் போனது. அப்புறம் கமிஷன்.

எங்கள் ரோடு அப்படி இல்லை. யாரும் எங்களை மூழ்கடிக்கவேண்டும் என்று தார் போடவில்லை. போடுகிறவருக்கு அடுத்த வருஷம் அங்கே என்ன ஆகும் என்பது கணக்கிலேயே இல்லை. அந்த இங்கிலீஷ் சொல்லை நேராகப் பெயர்த்து ரோட்டுக்கு வைத்தால், "நீங்கள் வேண்டுமென்றே செய்தீர்கள்" என்று குற்றம்சாட்டுவதாகிவிடும். அதை நிரூபிக்கச் சொல்வார்கள். எங்களால் முடியாது. மேம்பள்ளம் என்றால் நோக்கத்தைப் பற்றிப் பேச்சில்லை, மட்டத்தைப் பற்றித்தான். அளந்து காட்டலாம்.

ஆகஸ்ட் 10

பிஸ்கட் பாக்கெட் சின்னதாவதையும் சேருங்கள் என்கிறார்கள். அதே அஞ்சு ரூபாய், மேலே "புதிய பேக்" என்று பெரிய எழுத்து, உள்ளே கிராம் குறைவு. எங்கள் கடைக்கார அக்கா "பாக்கெட்டு எளைச்சுப்போச்சு" என்பார். அதுவே போதும். நிகர எடையைப் பாக்கெட்டில் அச்சடிக்கவேண்டும் என்று சட்டமும் இருக்கிறது, பார்த்து வாங்கலாம். எனக்கு இதில் பெரிய அக்கறை இல்லை.

ஆகஸ்ட் 14, இரவு

எண்ணூர் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. "உங்க ரோடு பரவாயில்லைம்மா. எங்களுக்குத் தெருவே இல்லை. கடல் எடுத்துக்கிச்சு. அதுக்கும் மேம்பாடுன்னுதான் பேரு." அவர் சொல்வது உண்மை. இதை விவரமாக எழுதவேண்டும், ஏனென்றால் மெரினாவுக்குப் போய்ச் சுண்டல் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேருக்கு இது தெரியாது.

நம் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, நடக்கிறது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலை சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குக் காற்று வந்தால் தெற்கே தள்ளும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்த ஓட்டத்தின் குறுக்கே 1875இல் துறைமுகத்துக்குக் கல் கட்ட ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் கப்பல் ஆழத்தில் நிற்கும், மசூலா படகில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வரும், படகு கவிழ்ந்து சாவுகளும் உண்டு. துறைமுகம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் கல் கட்டியதும் தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தங்கிவிட்டது. ஒரு காலத்தில் கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே அலை அடித்த ஊர் இது. மணல் சேர்ந்து சேர்ந்து கரை அகலமானது. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு மெரினா என்று பேர் வைத்தார். இன்றைக்குக் கடலைப் பார்க்க அவ்வளவு மணலில் நடந்து போகிறோம்.

தெற்கே தங்கிய மணல் வடக்கே போகவேண்டிய மணல். அது வராததால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று வரிசையாகக் கடல் கரையைத் தின்றது. அதைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் ரோடு தப்பியது. ஆனால் கட்டுமரமோ ஃபைபர் படகோ இழுத்துப் போட மணல் இல்லை, வலை காயப்போட இடம் இல்லை. அலை கல்லில் மோதி, கல் முடிகிற இடத்துக்கு வடக்கே அடுத்த குப்பத்தை அரிக்கும். அடுத்த குப்பத்துக்காரர்கள் போராடுவார்கள், அவர்களுக்கும் கல் வரும். பிறகு தூண்டில் வளைவு வந்தது. கரையிலிருந்து கடலுக்குள் கல்லை நீட்டி, நுனியைத் தூண்டில் முள் மாதிரி வளைப்பது. அதன் தெற்கே கொஞ்சம் மணல் சேரும். அந்தக் குப்பத்துக்கு அது நிஜமாகவே நல்லது, படகு ஏற்ற முடியும். வடக்கே இருக்கிறவனுக்கு அரிப்பு.

அதனால்தான் ஒவ்வொரு குப்பமும் "எங்களுக்கும் தூண்டில் வளைவு வேண்டும்" என்று மறியல் செய்கிறது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. பக்கத்து ஊரில் போட்டுவிட்டால், தனக்கும் கேட்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. முதல் கல்லை வைத்தது அவர்கள் இல்லை.

ஆகஸ்ட் 15

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். மேம்பள்ளம் என்கிற சொல் கடலுக்குப் பொருந்தாது. ரோட்டில் கேடு அதே இடத்தில், அதே வாசலில் விழுகிறது. கடலில் நன்மை ஒரு இடத்தில், கேடு இன்னொரு இடத்தில். நல்லது நடந்த ஊரில் போய்க் கேட்டால் எல்லோரும் வேலை நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. ஆய்வுக்கு வருகிற அதிகாரி கல் போட்ட இடத்தைப் பார்ப்பார், அதற்கு வடக்கே போய்ப் பார்க்க மாட்டார்.

எண்ணூர் அண்ணனிடம் நீங்களே ஒரு பேர் சொல்லுங்கள் என்று கேட்டேன். "தள்ளி உட்டுட்டாங்கன்னுதான் சொல்லுவோம்" என்றார். அதிலிருந்து நான் வைப்பது: தள்ளரிப்பு. தள்ளிவிடப்பட்ட அரிப்பு. கடலுக்கு மட்டும் என்று இல்லை. கால்வாயின் மேல்பக்கத்தில் சுவரை உயர்த்திக் கட்டினால் கீழ்பக்கம் வெள்ளம் வருவதும் இதே வகை.

ஆகஸ்ட் 16

அப்போ ஒரு சொல் போதாது என்கிறீர்களா என்று கேட்ட பெரம்பூர் தம்பிக்கு: ஆமாம், போதாது. நம்மிடம் கடன் என்று ஒரே சொல்லா இருக்கிறது? கைமாற்று, தண்டல், மீட்டர் வட்டி, கந்து, அடகு. பட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியும், அதனால் பேர்களும் பல.

ஆகஸ்ட் 21

மூன்றாவது வகை. இதுதான் என் டேபிளுக்கு அதிகமாக வருவது.

2017இல் ரேஷனுக்கு ஸ்மார்ட் கார்டு வந்தது. பழைய அட்டை கிழிந்து, உள்தாள் ஒட்டி ஒட்டித் தடித்துப்போய்க் கிடந்த காலத்தைப் பார்த்தவள் நான். கார்டு நல்லது, வாங்கியதும் போனுக்கு மெசேஜ் வருவதும் நல்லது. வாங்காததை வாங்கியதாக ஏமாற்றி எழுதுவது குறைந்தது. அப்புறம் கைரேகை வைக்கும் மெஷின் வந்தது. காசிமேட்டில் ஐஸில் கை வைத்து மீன் அள்ளுகிறவர்களுக்கும், இறால் உரிக்கிறவர்களுக்கும், பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கும் விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். மெஷின் எடுக்காது. துடைத்து வை, எண்ணெய் தடவி வை, இந்த விரல், அந்த விரல். என் பக்கத்தில் ஒரு அம்மா மீன் வெட்டிக் கொடுத்தே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். வேலை செய்த கை என்பதாலேயே மெஷின் அந்தக் கையை நம்பவில்லை.

பிறகு அதற்கும் வழி செய்தார்கள். போனுக்கு ஓடிபி வரும். போன் நம்பர் ஆதாரோடு சேர்ந்திருக்கவேண்டும். நம்பர் மாறியிருந்தால் மையத்துக்குப் போய் மாற்றவேண்டும். மையத்தில் டோக்கன். ஒரு நாள் கூலி போகும். பையன் போன் நம்பரைக் கொடுத்திருந்தால், அவன் வேலைக்குப் போன இடத்திலிருந்து எண்ணைச் சொல்லவேண்டும். கடையில் வரிசை சின்னதானது உண்மை. அந்த வரிசையில் நின்ற வேலை எல்லாம் அந்த அம்மா தலைக்கு வந்துவிட்டது.

தலையில் கட்டுவது என்று நமக்கு நல்ல வழக்கு இருக்கிறது, அதிலிருந்து தலைக்கட்டு என்று வைக்கலாமா என்று யோசித்தேன். முடியாது. குப்பத்தில் தலைக்கட்டு என்றால் குடும்பக் கணக்கு. திருவிழா வரி, பங்கு எல்லாம் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். மரியாதையான சொல், அதைக் கெடுக்கக்கூடாது. தள்ளரிப்பு இருக்கிறது, அதன் கூடப்பிறந்ததாகத் தள்ளுவேலை என்று வைக்கிறேன். பேங்கில், ஆஸ்பத்திரியில், ஸ்கூல் அட்மிஷனில், கரண்ட் பில்லில், யார் செய்துகொண்டிருந்த வேலையை நம் கையில் கொடுத்துவிட்டு வசதி என்று பேர் வைத்தாலும் அது தள்ளுவேலை.

ஆகஸ்ட் 22

ஆன்லைனில் பில் கட்டுவது எனக்கு நிஜமாகவே வசதி, அதை ஏன் திட்டுகிறீர்கள் என்று ஒரு தங்கை. உனக்கு வசதி, எனக்கும் வசதி. நான் உட்கார்ந்த இடத்திலேயே கட்டிவிடுகிறேன். கவுண்டர் இருந்து, ஆன்லைனும் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கவுண்டரை மூடிவிட்டு ஆன்லைன் மட்டும் என்றால் அன்றைக்கு அது தள்ளுவேலை ஆகிறது. பழைய வழி திறந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஆகஸ்ட் 30

படித்த பிள்ளை ஒருவர் இரண்டு பேரைக் குறிப்பிட்டிருக்கிறார், இரண்டும் தெரிந்துகொள்ளவேண்டியவை. 1865இல் ஜெவன்ஸ் என்கிற இங்கிலாந்துப் பொருளியலாளர், எஞ்சின் நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்க ஆரம்பித்தால் மொத்தத்தில் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்று எழுதினார். மலிவாகிவிட்டால் எல்லோரும் எஞ்சின் வாங்குவார்கள். 1968இல் பிரேஸ் என்கிற ஜெர்மன் கணித அறிஞர், ஒரு சாலை வலையில் புதிதாக இன்னொரு ரோடு சேர்த்தால் சில சமயம் எல்லோருடைய பயண நேரமும் கூடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஒவ்வொருவரும் தனக்குக் குறுக்கு வழி என்று அதிலேயே நுழைவதால்.

இவை பெரிய விஷயங்கள். ஆனால் இதற்கு நான் பேர் வைக்கப் போவதில்லை. ஜெவன்ஸ் சொன்னதில் கெட்டது யாருடைய வாசல் என்று காட்ட முடியாது, எல்லோர் மேலும் பரவுகிறது. எனக்கு வேண்டியது கதவு எண் போட்டு எழுதக்கூடிய சொற்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையைச் சேர்ப்பீர்களா என்றும் கேட்டார். ரயிலுக்குக் கீழே போகிற வழி, மழை பெய்தால் நிரம்பும், பஸ் சுற்றிப் போகும், ஊருக்கே தெரியும். ஆனால் மழை இல்லாத நாளில் அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. குறையுள்ள நன்மை. மேம்பள்ளம் என்று சொல்ல மாட்டேன், பள்ளம் இருந்தாலும்.

செப்டம்பர் 4

எனக்கே ஒரு பயம் வந்திருக்கிறது. நல்ல சொல் கையில் கிடைத்தால் எல்லாவற்றுக்கும் அதையே வீசுவோம். எந்த வேலை நடந்தாலும் மேம்பள்ளம் என்று கத்தினால் சொல் செத்துவிடும், நமக்கு வரவேண்டியதும் வராது. வட சென்னைக்கு வரவேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

மெட்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் 2021 பிப்ரவரி 14இல் திறந்தார்கள். அதற்கு முன்னால் டி.எச். ரோடு, அதாவது திருவொற்றியூர் ஹை ரோடு, பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தடுப்பு, புழுதி, கடைக்கு ஆள் வராமல் போனது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றிப் போனது. கடையை மூடியவர்கள் உண்டு, அவர்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கோபம் நியாயம். ஆனால் வேலை முடிந்த பிறகு என் அண்ணன் மகள் தேரடியில் ஏறி, ஏசியில் உட்கார்ந்து, நேரத்துக்கு வேலைக்குப் போய்விட்டு இருட்டின பிறகும் பயமில்லாமல் திரும்புகிறாள். முன்னால் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவள். இதை நான் மேம்பள்ளம் என்று சொன்னால் அவள் என்னை மதிக்க மாட்டாள்.

ஆகவே வேலை நடக்கும்போது படுகிற கஷ்டத்துக்கு இந்தச் சொல் கிடையாது. அதற்கு இழப்பீடு கேட்கவேண்டும், அது வேறு மனு. வேலை முடிந்து, போர்டு வைத்து, அவர்கள் போன பிறகும் முன்பைவிடக் கீழே யார் இருக்கிறார்கள் என்று காட்ட முடிந்தால்தான் மேம்பள்ளம்.

செப்டம்பர் 6

"அப்படியென்றால் துறைமுகம்? அதனால் ஊருக்கே பிழைப்பு வந்ததே" என்று ஒருவர். வந்தது. என் தாத்தாவே அங்கே மூட்டை தூக்கியவர். அதனால்தான் அதற்குத் தள்ளரிப்பு என்று தனிப் பேர். துறைமுகம் கெட்டது என்று அந்தச் சொல் சொல்லவில்லை. இங்கே கிடைத்ததற்கு அங்கே யார் கொடுத்தார்கள் என்று கேட்கிறது. சேர்ந்த மணலைத் தெற்கிலிருந்து அள்ளி வடக்கே போடுகிற வழி உலகத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்தில் பம்பு வைத்து, தடுப்புக் கல்லின் தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியாக வடக்குக் கரைக்கு அனுப்புகிறார்கள். பேர் இருந்தால்தான் அதைக் கேட்கவும் முடியும்.

செப்டம்பர் 12

தெருக்காரர்கள் சேர்ந்து புது மனு எழுதினோம். இந்த முறை அழுகைக்கு இடமே வைக்கவில்லை. எங்கள் தெருவிலேயே இருக்கிற கொத்தனார் அண்ணன் டியூப் லெவல் கொண்டுவந்தார், தண்ணீர் நிரப்பின பிளாஸ்டிக் டியூப்தான். ரோட்டின் நடு மட்டத்தை ஒரு முனையில் பிடித்து, ஒவ்வொரு வாசலிலும் மறு முனையை வைத்துக் கோடு போட்டோம். எந்த வீடு எத்தனை அங்குலம் கீழே என்று கதவு எண்ணோடு ஒரு பட்டியல். பழைய கல்யாண போட்டோக்களில் படிக்கட்டு தெரிகிறதைத் தேடி எடுத்து நகல் வைத்தோம். ஒரு வீட்டில் மாப்பிள்ளை அழைப்புப் போட்டோவில் நான்கு படி எண்ணலாம், இன்றைக்கு அங்கே படியே இல்லை.

மனுவின் இரண்டாவது பத்தியை இங்கே போடுகிறேன், யாருக்காவது பயன்படும்:

"பழைய மேற்பரப்பைச் சுரண்டாமல் மீண்டும் மீண்டும் தார் போட்டதால் எங்கள் தெருவில் மேம்பள்ளம் ஏற்பட்டுள்ளது. மேம்பள்ளம் என்பது, மேம்பாட்டுப் பணி முடிந்தபின் அப்பணியாலேயே குடியிருப்புகள் முன்பிருந்த நிலையைவிடத் தாழ்ந்துபோவது. இம்மனு புதிய சாலை கேட்டு எழுதப்பட்டதல்ல. சாலை மட்டத்தைப் பழைய அளவுக்குக் குறைக்கவும், அடுத்து எந்தப் பணி தொடங்கும் முன்பும் வாசல் மட்டங்களை அளந்து எழுதி எங்களிடம் ஒரு பிரதி தரவும் கேட்டுக்கொள்கிறோம்."

செப்டம்பர் 13

சந்துக்குள் மெஷின் வராது என்று மறுபடி சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்ட அண்ணனுக்கு: அதையும் மூன்றாவது பத்தியில் எழுதியிருக்கிறோம். மெஷின் நுழையாத இடத்தில் ஜாக்ஹேமரும் கடப்பாரையும் கொண்டு ஆள் வைத்து உடைக்கலாம். கொத்தனார் அண்ணன் சொன்னது இது. தண்ணீர் லைனுக்கும் கேபிளுக்கும் உடைக்கும்போது அப்படித்தானே உடைக்கிறார்கள்.

செப்டம்பர் 19

கொடுத்தாகிவிட்டது. ஒப்புகைச் சீட்டும் வாங்கிவிட்டோம். கவுண்டரில் இருந்த பெண், சின்ன வயசு, படித்துக்கொண்டே வந்து மேம்பள்ளத்தில் நின்றார். எழுத்துப் பிழையா என்று கேட்டார். இல்லைம்மா, அடுத்த வரியைப் படியுங்கள் என்றேன். படித்தார். எங்கள் வீடும் இப்படித்தான், புளியந்தோப்பு என்றார். சீல் அடித்தார். அதற்குமேல் அதில் நான் எதுவும் பார்க்கவில்லை, அவர் கையில் முடிவு இல்லை. பதில் வந்தால் இங்கே அப்படியே போடுகிறேன், "முடித்துவைக்கப்படுகிறது" என்று வந்தாலும்.

செப்டம்பர் 20

எண்ணூர் அண்ணனுக்கு: உங்கள் குப்பத்து மனுவுக்கும் இதே மாதிரி அளவு வேண்டும். கல்லிலிருந்து மணல் எவ்வளவு தூரம் இருந்தது, எத்தனை படகு ஏற்றினீர்கள், எந்தக் கோயில், எந்தத் தெரு போனது, எந்தப் பக்கத்தில் கல் போட்ட பிறகு போனது. பெரியவர்களிடம் கேட்டு, ஒவ்வொருவர் சொன்னதையும் தனித்தனித் தாளில் எழுதி, அவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். உங்களுக்கு வடக்கே இருக்கிற குப்பத்துக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது அவர்களுக்குத் தள்ளரிப்பு ஆகிவிடும். இரண்டு குப்பமும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் நான் டைப் செய்து தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்குக் கரண்ட் இருக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். திங்கள் காலையில் வாருங்கள்.